கொலைக் கணக்கும் வாக்குக் கணக்கும்: கல்முனைக் கரையோரத்தை எப்படி வாசிப்பது?

ஜனாதிபதித் தேர்தல் முடிந்ததும் இலங்கை வரைபடம் கட்சி நிறங்களில் வெளியாகிறது. 2015 இலும் 2019 இலும் வடக்கும் கிழக்கும் ஒரே நிறத்தில் நின்றன. போரில் அதிகமானோர் கொல்லப்பட்ட இடங்களை அந்த வரைபடத்தில் குறித்தால், பெரும்பகுதி அதே நிறத்துக்குள் விழும். இதைக் கண்டதும், "வன்முறை நிறைந்த இடங்கள்தான் இப்படி வாக்களிக்கின்றன" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கிழக்கின் முஸ்லிம் ஊர்களைப் பற்றி இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்டேன். கல்முனைக் கரையோரத்தில் வாழும் ஒருவன் என்ற வகையில், கொலைக்கும் வாக்குக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதை இங்கே தொகுத்துத் தர விரும்புகிறேன்.

கொலை வீதம் எதை அளக்கிறது?

ஓர் ஆண்டில் ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை கொலைகள் நடந்தன என்பதே கொலை வீதம். உலக சராசரி ஏறக்குறைய 6. இலங்கையில் அண்மைக் காலத்தில் அது 3 அளவில் உள்ளது. அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பின்படி சுமார் 6.5 இலட்சம். தேசிய வீதத்தை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு 20 கொலைகள் வரை வரும்.

இவ்வளவு சிறிய எண்ணை ஒரே இரவு புரட்டிப்போடும். 1999 செப்டெம்பர் 18 அன்று இம்மாவட்டத்தின் கோணகலவில் 50 க்கும் மேற்பட்ட சிங்களக் கிராமவாசிகள் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு சம்பவமே மாவட்டத்தின் வீதத்தை 7 க்கு மேல் உயர்த்தப் போதுமானது. அதை வைத்து அம்பாறை மக்களின் குணத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. போர்க்கால மரணங்களில் பெரும்பாலானவை பொலிஸ் பதிவேட்டில் கொலையாக ஏறவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் "கொல்லப்பட்டவர்" ஆகவில்லை. எனவே கொலை வீதம் குறைவாகத் தெரியும் ஆண்டு, எங்களுக்கு மிகக் கொடிய ஆண்டாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு மாவட்டம், பல ஊர்கள்

திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகள் உள்ளன. 2012 இல் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். 2019 ஜனாதிபதித் தேர்தலில் மாவட்ட அளவில் சஜித் பிரேமதாச 63 வீதமும் கோட்டாபய ராஜபக்ஷ 33 வீதமும் பெற்றார்கள். ஆனால் அம்பாறைத் தொகுதியில் கோட்டாபயவே முன்னின்றார். கரையோரம் முழுவதும் சஜித்தின் பக்கம் நின்றது. மாவட்டச் சராசரியைப் பார்ப்பவருக்கு இந்தப் பிளவு தெரியாது.

கூட்டத்தின் எண்ணைத் தனி மனிதர்மீது ஏற்றுவது பழைய தவறு. 1950 இல் அமெரிக்க சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் அதைக் கணக்கால் காட்டினார். 1930 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறிவு குறைவாக இருந்தது. அவர்கள் எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்றும் அங்கே இதே வழக்கு நடக்கிறது. குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலங்களில் கொலை வீதம் கூடுதல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த மாநிலங்களிலும் கொலைகள் ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்களில்தான் நடக்கின்றன என்று மறுதரப்பு சொல்கிறது. அளக்கும் எல்லையை மாற்றினால் விடையும் மாறுகிறது.

எது முந்தியது?

1977 பொதுத்தேர்தலில் கல்முனையில் ஏ.ஆர். மன்சூரும் சம்மாந்துறையில் எம்.ஏ. அப்துல் மஜீதும் ஐக்கிய தேசியக் கட்சியில் வென்றார்கள். அப்போது கரையோர முஸ்லிம்கள் தேசியக் கட்சிகளுக்கே வாக்களித்தார்கள். இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற எம். கனகரத்தினம் அந்த ஆண்டிலேயே ஆளும் கட்சிக்கு மாறினார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவர் சுடப்பட்டார். உயிர் தப்பியவர் 1980 இல் இறந்தார். இங்கே முதலில் வாக்கு, அதன்பின் கட்சி மாற்றம், அதன்பின் துப்பாக்கி.

1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழ் - முஸ்லிம் மோதல் வெடித்தது. 1987 இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் முஸ்லிம்களைக் கேட்காமலே வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. 1988 வடக்கு - கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரபின் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்றது. அதாவது, 1990 இன் பெரும் படுகொலைகளுக்கு முன்பே வாக்கு திரும்பிவிட்டது. கொலை மட்டும் அதைத் திருப்பவில்லை. கேட்கப்படாமல் விடப்பட்டதும் திருப்பியது.

1990 அந்தத் திருப்பத்தை இறுக்கியது. ஜூன் 11 அன்று கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்தார்கள். சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸார் கொல்லப்பட்டார்கள். படையினர் கல்முனைக்குத் திரும்பியபோது தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தொழுகையில் சுடப்பட்டார்கள். ஆகஸ்ட் 12 இல் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் ஊர்காவற்படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1994 இல் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனங்களுடன் அரசாங்கத்தின் பங்காளியானது.

அச்சம் ஒன்று, வாக்கு இரண்டு

ஒரே துயரம் ஒரே வாக்கைத் தரும் என்றும் எண்ண வேண்டாம். 2005 ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், நவம்பர் 18 அதிகாலைத் தொழுகையில், அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல்மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2006 செப்டெம்பரில் பொத்துவில் பகுதியின் இராட்டல் குளத்தில் 10 முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் புலிகளைக் குற்றம் சாட்டியது. ஊர் மக்கள் விசேட அதிரடிப்படையைக் குற்றம் சாட்டினார்கள்.

ஆனால் 2010 ஜனாதிபதித் தேர்தலில் அக்கரைப்பற்றை மையமாகக் கொண்ட ஏ.எல்.எம். அதாஉல்லாவின் தேசிய காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவுடன் நின்றது. முஸ்லிம் காங்கிரஸ் சரத் பொன்சேகாவுடன் நின்றது. மாவட்ட முடிவு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது. பாதுகாப்பைத் தேடி ஒருவர் அரசாங்கத்தின் அருகே போனார், மற்றவர் எதிர்த்தரப்புக்குப் போனார். ஊரின் தலைமை, அமைச்சு, வீதி, வேலைவாய்ப்பு எல்லாம் வாக்கில் சேர்ந்தே இருந்தன.

கொலை குறைந்த பிறகு

2009 உடன் போர் முடிந்தது, கொலைகள் குறைந்தன. வாக்கு உடனே மாறவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு, கருத்தடை மாத்திரை பற்றிய பொய்யான வதந்தியால் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை ஆகிய கோரிக்கைகளில் எவரும் கொல்லப்படவில்லை. ஆயினும் அவை எங்கள் ஊர்களைப் பிரித்தன. பழைய நினைவு இருக்கும் இடத்தில் நிர்வாக எல்லை ஒன்றே அச்சத்தை எழுப்பப் போதும்.

2020 இல் தமிழ் வாக்குகள் பிரிந்ததால் அம்பாறை மாவட்டத்தில் தமிழர் எவரும் வாக்குகளால் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. 2024 நவம்பரில் 7 ஆசனங்களில் 4 ஐத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், அகில இலங்கை மக்கள் காங்கிரஸ் ஆகியவை ஒவ்வோர் ஆசனம் பெற்றன. இந்த மாற்றத்தை எந்தக் கொலை வீதமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

அடுத்த முறை இப்படி ஒரு வரைபடம் உங்களிடம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணக்கு மாவட்டத்துக்கா, ஊருக்கா? பதிவேட்டில் ஏறாத மரணங்கள் எங்கே? கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்த ஊரையா, கொன்றவர்களின் ஊரையா அந்த நிறம் காட்டுகிறது? மூன்றாவது கேள்வியே முக்கியமானது. எங்கள் கரையோரம் பெரும்பாலும் இறந்தவர்களின் ஊர். இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டி, உயிரோடிருப்பவர்களை வன்முறையாளர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அதற்கு முன்னால் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காத்தான்குடியில் இறந்தவர்களின் பட்டியல் ஒரு சமூகத்திடமும், வீரமுனையில் இறந்தவர்களின் பட்டியல் இன்னொரு சமூகத்திடமும் இருக்கின்றன. கோணகலவின் பெயர்கள் எங்கள் இருவரிடமும் இல்லை. மூன்றையும் ஒரே கொப்பியில் ஊர்வாரியாக எழுதத் தொடங்கினால், கிழக்கின் வாக்கைப் பற்றி அந்தக் கொப்பி எந்த வீதக் கணக்கையும்விடக் கூடுதலாகச் சொல்லும்.