எஸ்கியூஎல் அப்டேட் கட்டளை: பிழை கண்டறிதல்

அப்டேட் என்பது தரவுத்தள அட்டவணையில் ஏற்கெனவே உள்ள வரிசைகளின் மதிப்பை மாற்றும் எஸ்கியூஎல் கட்டளை. 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய மொழியே எஸ்கியூஎல். 1986இல் அது அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியின் தரமாயிற்று. எந்த அட்டவணை என்று முதலில் சொல்லி, எந்தப் புலம் என்னவாக வேண்டும் என்பதை ‘செட்’ பகுதியிலும், எந்த வரிசைகளில் என்பதை ‘வேர்’ பகுதியிலும் எழுத வேண்டும். பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் அப்டேட்டால் பெரிய தொல்லை இல்லை. சத்தமில்லாமல் ஓடி முடிந்து, தவறான வேலையைச் செய்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

‘வேர்’ பகுதியை விட்டுவிட்டால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் மாறிவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் வொர்க்பெஞ்ச் கருவி இதைத் தடுக்கவே 1175 என்ற பிழையைக் காட்டுகிறது. கட்டளைவரியில் இதே பாதுகாப்பைத் தரும் விருப்பத்துக்கு ‘ஐ ஆம் எ டம்மி’ என்றொரு மாற்றுப்பெயரும் உண்டு, வடிவமைத்தவர்களின் குறும்பு! பயிலுநர் பலர் இந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழியைத்தான் முதலில் தேடுகிறார்கள். ‘வேர்’ பகுதியில் சாவிப் புலத்தைச் சேர்ப்பதே சரியான தீர்வு.

இதைவிட நுட்பமானது காற்புள்ளிப் பிழை. 12ஆம் எண் மாணவரின் இரு மதிப்பெண்களைத் திருத்த, ‘செட் தமிழ் = 75, கணிதம் = 80’ என்று எழுத வேண்டும். காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்ட்’ போட்டாலும் மைஎஸ்கியூஎல் மறுக்காது. ‘75 ஆண்ட் கணிதம் = 80’ என்ற முழுவதையும் ஒரே நிபந்தனையாகக் கணக்கிட்டு, கணிதத்தில் ஏற்கெனவே 80 இருந்தால் தமிழில் 1 என்றும், வேறு எண் இருந்தால் 0 என்றும் பதிந்துவிடும். கணித மதிப்பெண் தொடப்படுவதே இல்லை. மற்றொரு தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் இதை வகைப் பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும்.

எதுவுமே மாறாமல் போவதும் உண்டு. ‘நல்’ என்பது மதிப்பே இல்லை என்பதன் குறி; ‘வேர் முகவரி = நல்’ என்ற நிபந்தனை ஒருபோதும் மெய்யாகாது; ‘இஸ் நல்’ என்றே எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ‘பொருந்தியவை 1, மாறியவை 0’ என்று விடை வந்தால் அது பிழையே அல்ல: புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

மென்பொருளுக்கு மென்பொருள் விளைவும் மாறும். ‘செட் அ = ஆ, ஆ = அ’ என்று எழுதினால் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் இரு புலங்களும் மதிப்பை மாற்றிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் இடமிருந்து வலமாகக் கணக்கிடுவதால் இரண்டிலும் ‘ஆ’வின் பழைய மதிப்பே நிற்கும்.

அனுபவசாலிகள் அதே ‘வேர்’ பகுதியை முதலில் ‘செலெக்ட்’ கட்டளையில் ஓட்டி, எத்தனை வரிசைகள் வருகின்றன என்று பார்ப்பார்கள். பிறகு பரிவர்த்தனையைத் தொடங்கி அப்டேட் செய்து, எண்ணிக்கை ஒத்துப்போனால் மாற்றத்தை உறுதிசெய்ய ‘கமிட்’, இல்லையேல் திரும்பப்பெற ‘ரோல்பேக்’ கொடுப்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் தானியங்கி கமிட் இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால், பரிவர்த்தனையைத் தொடங்காமல் செய்த மாற்றத்தை ‘ரோல்பேக்’ மீட்காது. பரிவர்த்தனையை ஆதரிக்காத மைஐசாம் வகை அட்டவணைகளில் அதைத் தொடங்கியிருந்தாலும் மீட்க முடியாது.