சாஃப்ட்வேர் இருக்கு... ஆனா 'இல்லை' என்கிறது சோதனை ஸ்கிரிப்ட்! பனியன் கம்பெனிகளைக் குழப்பும் 32-பிட், 64-பிட் விவகாரம் என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் பழைய கம்ப்யூட்டரை மாற்றியாச்சு. சாஃப்ட்வேர் எல்லாம் ஏற்றியாச்சு. ஆனால் அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரில் இருந்து எக்செலுக்கு ஸ்டாக் விவரம் வரவில்லை. சர்வீஸ்காரர் ஸ்கிரிப்ட் ஓட்டினால் 'டிரைவர் இல்லை' என்று வருகிறது. கன்ட்ரோல் பேனலில் பார்த்தால் அதே டிரைவர் இருக்கிறது. இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான்!

ஏன் இப்போது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. அதனால் 32-பிட் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி வந்தவர்களும் 64-பிட்டுக்கு மாற வேண்டிய நிலை. டாஸ் காலத்து 16-பிட் பில்லிங் புரோகிராம்கள் இதில் நேரடியாக ஓடாது. 32-பிட் சாஃப்ட்வேர் ஓடும். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

இரண்டு பேரேடு

எந்த சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, எந்த டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை விண்டோஸ் 'ரெஜிஸ்ட்ரி'யில் எழுதி வைக்கும். கம்பெனிக்குப் பேரேடு மாதிரி. 64-பிட் விண்டோஸில் இந்தப் பேரேட்டின் சாஃப்ட்வேர் பகுதி இரண்டாக இருக்கும். 32-பிட் புரோகிராம் கேட்டால், 'வாவ்6432நோட்' என்ற தனிப் பகுதியை விண்டோஸ் எடுத்து நீட்டும். எந்த எச்சரிக்கையும் வராது.

சோதனை ஸ்கிரிப்ட் 32-பிட்டில் ஓடி, டிரைவர் 64-பிட் பக்கம் பதிவாகியிருந்தால் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

ஃபோல்டரிலும் இதே கதை. 'சிஸ்டம்32' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் இருப்பது 64-பிட் ஃபைல்கள். 32-பிட் ஃபைல்கள் இருப்பது 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில்!

நல்ல ஸ்கிரிப்ட் என்ன செய்யும்?

* தான் ஓடுவது எந்த பிட், விண்டோஸ் எந்த பிட் என்று முதலில் தனித்தனியாகப் பார்க்கும்.
* ரெஜிஸ்ட்ரியின் இரண்டு பக்கத்தையும் படிக்கும். 'ரெக்' கட்டளையிலேயே 32 அல்லது 64 என்று குறிப்பிட வசதி உண்டு.
* 32-பிட்டில் இருந்துகொண்டே 64-பிட் ஃபைல்களைப் பார்க்க 'சிஸ்நேட்டிவ்' என்ற பாதையைப் பயன்படுத்தும்.
* வெறும் 'இல்லை' என்று முடிக்காமல், '64-பிட்டில் இருக்கிறது, 32-பிட்டில் இல்லை' என்று சொல்லும்.

நீங்களே பார்ப்பது எப்படி?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் சென்றால் 'சிஸ்டம் டைப்' தெரியும். எக்செலில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் சென்றால் அது 32-பிட்டா, 64-பிட்டா என்று காட்டும். ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் 32, 64 என இரண்டு வரும். உங்கள் எக்செல் எந்த பிட்டோ, டிரைவரும் அதே பிட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதை ஏற்றினாலே போதும், ஃபார்மேட் தேவையில்லை.

புது லேப்டாப் வாங்கும் முன்...

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள ஆர்ம் வகை லேப்டாப்களில், சாதாரண கம்ப்யூட்டருக்கான பல சாஃப்ட்வேர்கள் எமுலேஷன் மூலம் ஓடிவிடும். டிரைவர் அப்படி ஓடாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பார்கோடு பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கன் இரண்டுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கவனம்!

'ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கே' என்று ரெஜிஸ்ட்ரியில் ஒன்றை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரிப்டுக்கு அட்மின் அனுமதி கொடுக்காதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. கம்ப்யூட்டர் மாற்றுவதாக இருந்தால் 20-ம் தேதி தாண்டிய பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். புதியதில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழைய கம்ப்யூட்டரை விற்க வேண்டாம்.