கயிறு மாறுவதற்கு முன்

போன ஐப்பசியில் என் அக்கா மகன் புது பைக் பார்க்கப் போகிறேன் என்று என்னையும் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மணியாச்சியிலிருந்து கடம்பூர் வழியாக 30 கிலோமீட்டர் சொச்சம். ஷோரூமில் ஏசி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், லைசென்ஸுக்கு ஒரு ஜெராக்ஸ், ஒரு தாளில் கையெழுத்து. டெஸ்ட் ரைடு வண்டி வாசலில் தயாராக நின்றது. ஷோரூம் பையன் பின்னால் உட்கார்ந்துகொள்ள, பைபாஸில் ஒரு பாலம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். எட்டு நிமிஷம் இருக்கும். இறங்கும்போதே இவன் முகம் சொல்லிவிட்டது.

"சும்மா பறக்குது மாமா."

மேஜையில் லோன் பாரம் ஏற்கெனவே பாதி நிரப்பியிருந்தது. ஆஃபர் இன்றோடு முடிகிறது என்றார்கள். நான்தான் நாளைக்கு வருகிறோம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அய்யா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"எங்கன ஓட்டிப் பாத்தய்யா பேராண்டி?"

"பைபாஸ்ல தாத்தா."

"பைபாஸுலயா நீ குடியிருக்க?"

அய்யா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி பல நாள் மண்டைக்குள் ஓடியது. வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை. நடுவில் ஒரு முப்பது வருஷம் அது காணாமல் போயிருந்தது. எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது, வந்தது பழைய சோதனைதானா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1

மோட்டார் வண்டிக்கு முன்பு கரிசல்காட்டில் ஒரு குடும்பம் வாங்கிய ஆகப்பெரிய 'எஞ்சின்' ஒரு ஜோடி உழவுமாடு. அதை யாரும் பார்த்த மாத்திரத்தில் வாங்கியதில்லை.

முதலில் பல். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழே எட்டுப் பல். பால்பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். ரெண்டு பல் என்றால் சுமார் இரண்டு வயது. எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயதைத் தாண்டிவிட்டது, இனி பல்லை வைத்து வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். விற்கிறவன் வாயால் சொல்லும் வயதை மாட்டின் வாயைத் திறந்து சரிபார்க்கிற வேலை இது. இன்றைக்கு ஓடோமீட்டரைப் பார்க்கிறோமே, அதேதான்.

அடுத்து சுழி. அது நம்பிக்கை சார்ந்தது, விடுவோம். அதற்கப்புறம் நடை. கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். கடைசியாகத்தான் உண்மையான சோதனை: கழுத்தில் நுகத்தடியை வைத்து, பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது. சந்தையில் மினுமினுவென்று நிற்கும் மாடு, நுகத்தடி ஏறியதும் அப்படியே படுத்துக்கொள்வது உண்டு. வலத்தில் பழகியதை இடத்தில் பூட்டினால் முரண்டு பிடிக்கும். இதெல்லாம் நிற்க வைத்துப் பார்த்தால் தெரியாது.

விலை பேசுவது துண்டுக்கடியில். தரகர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தொகை சொல்லும். படிந்துவிட்டால் கயிறு மாறும். விற்றவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வான், வாங்கியவன் தன் புதுக்கயிற்றைப் போட்டுப் பிடிப்பான். கயிறு மாறினால் மாடு மாறியது என்று அர்த்தம். அதற்குமுன் எப்போது வேண்டுமானாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போகலாம்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். சோதனைக்கு அர்த்தம் வருவது பல்லைப் பார்ப்பதால் மட்டும் இல்லை. பார்த்த பிறகு 'வேணாம்' என்று சொல்ல முடிவதால். பக்கத்திலேயே வேறு மாடு நிற்பதால்.

2

மணியாச்சி என்றால் வரலாறு படித்தவர்களுக்கு 1911 ஜூன் 17 ஞாபகம் வரும். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள் சுட்டது எங்கள் ஜங்ஷனில்தான். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர். ஊர்க்காரனுக்கு அது முதலில் வண்டி மாறுகிற இடம். 1876 முதல் ரயில் ஓடுகிறது. ரயிலை யாரும் சோதித்து ஏறுவதில்லை. வருகிறது, ஏறிக்கொள்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிளும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது.

1951-ன் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், யார் எதை எத்தனை தயாரிக்கலாம் என்பதை அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. காரணம் இந்திய ராணுவம். எல்லை ரோந்துக்கு அது 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுவதில் ஆரம்பித்து, பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையில் முழுவதுமாகச் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா வந்தது. வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். பல வருஷங்களுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவன் முன்னால் இருந்தது இந்த மூன்று பெயர்கள்தான்.

ஸ்கூட்டர் நிலைமை இன்னும் மோசம். 1960-ல் ஸ்கூட்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் தனிக் கட்டுப்பாட்டு ஆணையே வந்தது. முன்பணம் கட்டி வரிசையில் பெயரைப் பதிய வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பத்து வருஷம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கென்று பதிந்த வண்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வந்து சேர்ந்ததெல்லாம் நடந்திருக்கிறது. வண்டி கையில் கிடைத்த அன்றைக்கே கூடுதல் விலைக்கு விற்றுவிடலாம். புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கு விலை அதிகம்.

இந்த நிலையில் டெஸ்ட் ரைடு என்ற சொல்லுக்கே இடமில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு 'பிரேக் சரியில்லை, வேணாம்' என்று சொன்னால் டீலர் சந்தோஷமாகச் சரி என்பார். வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறாரே. ராணுவம் தேர்ந்தெடுக்கலாம். தனி ஆள் காத்திருக்கத்தான் முடியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவதற்கு அடுத்த மாடு அங்கே இல்லை.

ஆனாலும் ஜனங்கள் சோதிக்காமல் இல்லை. அடுத்தவன் வண்டியில் சோதித்தார்கள். ஊரில் ஒரு டாக்டரோ, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியோ புல்லட் வைத்திருப்பார். அதைத் துடைக்கிற சாக்கில், ஸ்டாண்டு போட்டுக் கொடுக்கிற சாக்கில், கடைக்கு ஒரு நடை போய்வருகிற சாக்கில் ஓட்டிப் பழகினார்கள். அந்தக்கால புல்லட்டுக்கு கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு வித்தை. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, அப்புறம் ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் வீங்கிவிடும். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பி. உதைத்து ஸ்டார்ட் பண்ணி, அதையே முன்னால் மடக்கி கியர் போட வேண்டும். இங்கே சோதனைக்கு உள்ளானது வண்டி இல்லை, மனுஷன். நீ இந்த வண்டிக்குத் தகுதியா என்று வண்டி கேட்டது.

3

அய்யா வாங்கிய முதல் வண்டி டிவிஎஸ் 50. ஒரு ஜோடி மாட்டை விற்ற காசு அது.

ஓசூரில் 1980-ல் வெளிவந்த டிவிஎஸ் 50 இந்தியாவின் முதல் இருவர் செல்லும் மொபெட். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல அமைந்தது. தீப்பெட்டிக் கட்டு, கடலைமிட்டாய் டப்பா, உளுந்து மூட்டை, தண்ணீர்க்குடம், எல்லாம் அதில் ஏறியது. அய்யா வாங்குவதற்கு முன் சிநேகிதர் ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, பின்னால் ஒரு மூட்டை உளுந்தை ஏற்றி, மழை பெய்த மறுநாள் ஸ்டேஷனிலிருந்து எங்கள் புஞ்சை வரைக்கும் ஓட்டிப் பார்த்தாராம்.

கரிசலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் பிசின். சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, பத்தடியில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்து, மறுபடி பத்தடி. அய்யா சோதித்தது எஞ்சினை இல்லை, அந்த இடைவெளியை. வண்டி நாலு இடத்தில் நின்றது, ஆனால் தள்ளிக்கொண்டு போகிற எடையில் இருந்தது என்பதால் வாங்கினாராம். புல்லட்டை அந்தச் சேற்றில் தள்ள முடியாது. நுகத்தடி வைத்துப் பார்த்த அதே கணக்கு.

1980-களின் நடுவில் நிலைமை மாறியது. வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. எல்லாம் 100 சிசி. சிடி 100 பெட்ரோலைக் கொஞ்சமாகக் குடித்தது, ஆர்எக்ஸ் 100 பாய்ந்தது. முதல்முறையாக ஒருவன் 'எனக்கு எது வேண்டும்' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் ரத்தானது. வரிசை கரைந்தது. இப்போது காத்திருப்பது வாடிக்கையாளர் இல்லை, வண்டி. விற்கிறவன் முதல்முறையாகச் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்" என்றான்.

4

சட்டத்துக்கு இந்தச் சோதனை முன்பே தெரியும். பிரிட்டனின் 1903 மோட்டார் கார் சட்டமே, வாங்க நினைப்பவர் ஓட்டிப் பார்க்கும் கார்களுக்கென டீலர்கள் பொது எண் ஒன்றை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. நம் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 41-ஆவது விதி, டீலரின் வணிகச் சான்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பட்டியல் போடுகிறது. வாங்கக்கூடியவருக்காக நடத்தும் 'நியாயமான' சோதனை ஓட்டம் அதில் ஒன்று. எத்தனை கிலோமீட்டர் நியாயம் என்று விதி சொல்லவில்லை. அதை ஷோரூம் முடிவு செய்கிறது: பாலம் வரை.

இன்னொரு சட்டம் இன்னும் நுட்பமானது. 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு. விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துவிட்டார் என்றால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அதாவது சோதனை என்பது உரிமை மட்டும் இல்லை, பொறுப்பும்கூட. பல்லைப் பார்த்துவிட்டுக் கயிறு மாற்றியவன் பிறகு வயதைப் பற்றிப் பேச முடியாது என்று சந்தை சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது.

பைபாஸில் ஓட்டிய எட்டு நிமிஷத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். வழுவழு ரோடு, பின்னால் விற்கிறவரின் ஆள், மேஜையில் மாதத் தவணை. பல் பார்க்கவும் இல்லை, நுகத்தடி ஏற்றவும் இல்லை. மாட்டை மேடையில் நிற்கவைத்துத் தடவிக்கொடுத்த மாதிரி. உரிம ராஜ்ஜியத்தில் 'வேணாம்' சொல்ல முடியாததற்குக் காரணம் வேறு வண்டி இல்லாதது. இன்றைக்கு ஏகப்பட்ட வண்டி இருக்கிறது. ஆனால் ஏறி உட்கார்ந்த சந்தோஷம் இறங்குவதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அந்த 'வேணாம்' வாய்க்கு வரவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

5

பத்து நாள் கழித்து மருமகன் மறுபடி போனான். நானும் கூடப் போனேன். "பின்னாடி எங்க மாமா உட்காரட்டும், பைபாஸ் வேணாம், ஊருக்குள்ள மேடுபள்ளம் இருக்கிற ரோட்ல ஓட்டிப் பாக்கணும்" என்றான். ஷோரூம் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சரி என்றான். அரைமணி நேரம் ஓட்டினோம். வேகத்தடைகளில் என் இடுப்பு ஒடிந்தது. பின்சீட் உயரத்தில் அக்கா ஏறி உட்கார முடியாது என்பது எனக்கு ஏறும்போதே தெரிந்துவிட்டது. டயரை ஒட்டி மட்கார்டு. ஒரு விரல்கூட நுழையவில்லை. அதை அவன் குனிந்து விரலை விட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

சாவியை மேஜையில் வைத்தான். லோன் பாரத்தை இன்னும் எடுத்து வைத்திருந்தார்கள்.

"யோசிச்சுட்டுச் சொல்றேண்ணே" என்றான்.

அய்யாவின் வயதுக்காரர்கள் ஒரு டீலரிடம் சொல்ல முடியாமல் போன வார்த்தை அது. வெளியே வந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஷோரூம் இருந்தது.