மரக்காலும் அவையும்

ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டால் வணிகம் செவ்வனே நடவாது. தொலைத்தொடர்புக்கும் பொது அளவு வேண்டும்; அதுவே தரவிதி. சிராங்கூன் சாலையில் நாம் வாங்கும் கைப்பேசியை எந்நாட்டார் செய்திருப்பினும் அது இங்கே பேசுவதற்குத் தரவிதியே காரணம். 1998இல் அமைந்த 3ஜிபிபி என்னும் அவையில் பல நாட்டு நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடி அதனை வகுக்கின்றனர்.

2019 மே மாதம் அமெரிக்க வணிகத்துறை சீனத்து ஹுவாவெய் நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உரிமமின்றி அமெரிக்கத் தொழில்நுட்பத்தை அதற்கு அளித்தல் கூடாது என்பது விதி. ஆயின், ஹுவாவெய் அமர்ந்துள்ள அவையில் நுட்பம் உரைப்பதும் அளித்தல் ஆகுமோ? இந்த ஐயத்தால் அமெரிக்க நிறுவனங்கள் சில வாயடங்கின. தடுக்கப்பட்டவர் அவையில் இருக்க, தடுத்த நாட்டார் ஒதுங்கி நின்றனர்! 2020 ஜூனில் அத்துறையே தரவிதிப் பணிக்கு விலக்களித்தது.

அதே திங்களில் சிங்கையின் ஐந்தாம் தலைமுறை உரிமங்கள் முடிவாயின. சிங்டெல் எரிக்சனையும், ஸ்டார்ஹப்–எம்1 கூட்டு நோக்கியாவையும் தேர்ந்தன. அங்கே இடம் பெறாத ஹுவாவெய்க்குத் தரவிதி அவையில் இருக்கை இருந்தது. சந்தை வேறு, அவை வேறு என்பது இதனால் விளங்கும்.

சந்தையை அடைக்கலாம், அவையை விட்டு நீங்கியவர்க்கோ சொல் இல்லை. அவை இரண்டாகப் பிளந்தால் மரக்காலும் இரண்டாகும். அன்று பெரிதும் இடர்ப்படுவன, பிறர் வகுத்த அளவைக் கொண்டு வாழும் சிங்கை போன்ற சிறு நாடுகளே.