தேவனஹள்ளியா, மீனம்பாக்கமா?

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. அங்கே உள்நாட்டு விமானம் மட்டும்தான். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள், இல்லையென்றால் சென்னைக்கு.

வான்வழிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,930 கி.மீ.; பெங்களூரிலிருந்து 3,180. துபாய்க்கு அப்படியே தலைகீழ்: பெங்களூரிலிருந்து 2,700, சென்னையிலிருந்து 2,940. மணிக்கு 850 கி.மீ. பறக்கும் விமானத்துக்கு இந்த 250 கி.மீ. இருபது நிமிடம்கூட ஆகாது. எங்கே ஏறினாலும் நான்கு, நாலரை மணி நேரப் பயணம்தான்.

நம்மைச் சோதிப்பது தரைவழி. தருமபுரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி சுமார் 170 கி.மீ.; சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 300-ஐத் தொடும். தூரத்தை மட்டும் பார்த்தால் பெங்களூர்தான். ஆனால் நாம் அந்த ஊருக்குள் தெற்கிலிருந்து நுழைகிறோம், விமான நிலையமோ வடக்கே இருக்கிறது. 2008 மே வரை நகருக்குள்ளேயே எச்.ஏ.எல். நிலையத்தில் விமானம் ஏறினோம். இப்போது ஊரையே கடந்தாக வேண்டும்.

உறவுக்காரப் பையன் ஒருவனைத் துபாய்க்கு வழியனுப்ப ஒரு நாள் மாலை கூடப் போயிருந்தேன். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வரை வண்டி ஓடியதே தெரியவில்லை. பெங்களூருக்குள் நுழைந்ததும் சில்க் போர்டு சந்திப்பில் நின்றது. நைலான் கயிறு கட்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பையன் நிமிடத்துக்கு ஒரு தரம் செல்போனில் மணி பார்த்தான். "போயிடலாமாண்ணே?" என்று அவன் அம்மா டிரைவரிடம் மூன்று தடவை கேட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கி.மீ.தான் நகர்ந்திருப்போம்.

சென்னை வழியில் இந்தப் பதைப்பு இல்லை. மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. நேரம் கூடுதல்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய நேரம். அரூர், மொரப்பூர் பக்கத்தார் யோசிக்கவே வேண்டாம்.

என் தீர்ப்பு இது. துபாய்க்குப் பெங்களூர். விடியற்கால விமானம் என்றால் சிங்கப்பூருக்கும் பெங்களூரே, நள்ளிரவில் சாலை காலியாக இருக்கும். இரவு பத்து மணி விமானத்தில் சிங்கப்பூர் போகிறவர்கள் சென்னைக்கே போகட்டும்.

சென்னை வழியில் தருமபுரி நகரத்தாருக்கு ஒரு குறை. மொரப்பூருக்குப் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். இரு ஊருக்கும் இடையே ஓடிய குறுகிய ரயில் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. 36 கி.மீ. புதுப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில்வே அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.