காணாமற் போனவர் என்னும் சொல்



கல்வராயன் மலையின் அடிவாரத்து வடக்கனந்தலில் வாழ்பவன் நான். பள்ளிப் பணியில் இருந்த காலமெல்லாம், காலையில் என் முதல் வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பதுதான். பெயரைச் சொல்லி அழைப்பேன். சில பெயர்களுக்கு விடை வராது. அந்தப் பையன் காய்ச்சலில் கிடக்கலாம். தந்தையுடன் கடுக்காய் பொறுக்க மலைக்குப் போயிருக்கலாம். வழியில் வந்துகொண்டும் இருக்கலாம். 'வரவில்லை' என்பது ஒன்றே எனக்குத் தெரியும். ஆதலின் அதை மட்டுமே எழுதுவேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினால் பதிவேடு பொய்யாகிவிடும் அன்றோ?

போர்ப்படைகளிலும் இத்தகைய பதிவேடு உண்டு. சண்டை ஓய்ந்ததும் பெயர்கள் அழைக்கப்படும். விடை வராத பெயர்களைச் சான்றுக்கு ஏற்ப வகைப்படுத்துவர். இறந்தது உறுதியானால் 'போரில் மாண்டவர்'. பகைவரிடம் பிடிபட்டது உறுதியானால் 'போர்க் கைதி'. எதற்கும் சான்று இல்லையேல் 'காணாமற் போனவர்'. இரண்டாம் உலகப் போரில் இதற்குள்ளும் நுட்பமான படிகள் இருந்தன. 'காணாமற் போனவர்; மாண்டதாக நம்பப்படுபவர்' என்றும், 'காணாமற் போனவர்; கைதியானதாக நம்பப்படுபவர்' என்றும் எழுதினர். நம்பிக்கை வேறு, அறிவு வேறு என்பதைப் பதிவேடே ஒப்புக்கொண்டது.

இன்னொரு வகையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டப்படி, ஒருவர் அனுமதியின்றி 30 நாள் வராதிருந்தால் விசாரணை மன்றம் கூடும். அதன் பின்னும் அவர் அகப்படாவிடில், 'படையைவிட்டு ஓடியவர்' எனக் கருதப்படுவார். இந்தச் சொற்களின் வேற்றுமை வீட்டு அடுப்பங்கரை வரை சென்று தாக்குவதாகும். மாண்டவரின் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. கைதியின் குடும்பத்தை அவருடைய சம்பளத்திலிருந்து பேண வழி உண்டு. ஓடியவரின் வீட்டுக்கோ பணமும் இல்லை, மானமும் இல்லை.

அப்படியானால் சான்று எவ்வாறு கிடைக்கிறது? வீரர் அணியும் அடையாள வில்லையும், கைதி எழுதும் ஓர் அட்டையுமே முதன்மைச் சான்றுகள். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு இந்தியா 1960இல் தனிச் சட்டம் இயற்றியது. அவ்வுடன்படிக்கையின்படி கைதி சொல்லக் கடமைப்பட்டவை பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகிய நான்கே. முகாமை அடைந்த ஒரு வாரத்திற்குள், வீட்டுக்கும் ஜெனீவாவிலுள்ள மைய நிலையத்துக்கும் அட்டை எழுத அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். 2019 பிப்ரவரி 27ஆம் நாள் பாகிஸ்தானில் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான், தம் பெயரையும் பதவியையும் எண்ணையும் சொன்னார். வேறு சில கேள்விகளுக்கு விடை மறுத்தார். மார்ச்சு முதல் நாளே தாயகம் திரும்பினார்.

எல்லாருக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஏறத்தாழ 40,000 இந்திய வீரர்கள் கைதியாயினர். அவருள் பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1929ஆம் ஆண்டின் கைதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டதேயன்றி அதை உறுதிப்படுத்தவில்லை. கைதிகளின் பெயர்ப் பட்டியல்கள் மிகத் தாமதமாகவே வந்தன. முகாமில் உயிரோடிருந்தவரும், கல்லறையின்றி மறைந்தவரும் நெடுநாள் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டனர். சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

என் சிறு வயதில் எங்கள் பக்கத்தில் ஒரு மூதாட்டியார் இருந்தார். மலேயாப் போருக்குச் சென்ற அவர் கணவர் திரும்பவில்லை. அவர் பொட்டை அழிக்கவுமில்லை, பூச்சூடவுமில்லை. கேட்டால், "நான் சுமங்கலியா இல்லையான்னு சர்க்காருதான் எழுதித் தரணும், கண்ணு" என்பார். ஒரு சொல்லுக்காக ஓர் ஆயுள் காத்திருந்ததை அன்று நான் உணரவில்லை.

1971ஆம் ஆண்டுப் போரில் இந்தியாவிடம் சரணடைந்த சுமார் 93,000 பேர் 1974க்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் நம்மவரில் காணாமற் போன 54 பேரின் நிலை தெளிவாகவில்லை. அவர்கள் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம் அரசு கருதியது, பாகிஸ்தான் மறுத்தது. 2007இல் உறவினர் சிலர் அந்நாட்டுச் சிறைகளுக்கே சென்று தேடி, வெறுங்கையுடன் திரும்பினர்.

பதிவில் பிழை நேர்ந்தால் விளைவு என்ன? 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் காணாமற் போன ஒரு வீரரை 'ஓடியவர்' என்று எழுதினர். உண்மையில் அவர் பாகிஸ்தானில் கைதியாக இருந்தார். 2004இல் அவர் விடுதலை பெற்று ஊர் வந்தபோது, மனைவி வேறொருவரை மணந்து கருவுற்றிருந்தார். யாரை நோவது? தவறான ஒரு சொல் மூன்று வாழ்வுகளைச் சிதைத்தது.

காலவரையறையின்றிக் குடும்பங்களைக் காக்க வைக்கலாகாது என்பதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. ஏழாண்டு காலம் ஒருவரைப்பற்றி, இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படாவிடில், அவர் உயிரோடிருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு சொல்பவரையே சாரும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் இது சட்டத்தின் முடிபேயன்றி உள்ளத்தின் முடிபன்று. 1984இல் சியாச்சின் பனிச்சரிவில் மறைந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் 2022 ஆகஸ்டில் கிடைத்தது. 38 ஆண்டுகளுக்குப் பின் அவரை அடையாளம் காட்டியது, படை எண் பொறித்த சிறிய வில்லையே!

மாணவர்களே, தெரிந்ததை மட்டும் எழுதுவது பதிவாளரின் முதற்கடமை. அதனோடு அவர் கடமை முடிவதில்லை. பையன் வரவில்லை என்று குறித்துவிட்டு நான் வாளா இருந்ததில்லை. மாலைக்குள் அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். 'காணாமற் போனவர்' என்று எழுதுகின்ற அரசும் அச்சொல்லை முற்றுப்புள்ளியாகக் கொள்ளலாகாது. தேடிக் கண்டு, வீட்டார்க்கு விடை சொல்லும் வரையில் அந்தப் பக்கத்தை மூடும் உரிமை எவருக்கும் இல்லை.