கோழிக்கூட்டில் ஒரு ஸ்டுடியோ

என் பாட்டியின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஹட்டனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் தேவைப்பட்டதால் எடுத்தது. கழுத்தில் கிடக்கும் சங்கிலி பக்கத்து லயத்து அக்காவிடம் வாங்கிய இரவல். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவளுக்கு முகம் ஒன்று இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலியா மார்கரெட் கமரூனின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வந்துவிடும். புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர் அவருடையது. அவருடைய கல்லறை இருப்பது எங்கள் மலையகத்தில், பொகவந்தலாவையில்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கமரூன், நம் பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் அதே கமரூன். இலங்கையில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்பம் இங்கிலாந்தில் வைட் தீவில் வசித்தபோது, 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கேமரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, கணவர் தோட்டம் பார்க்கப் போயிருந்தார். தனிமையில் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கொடுத்தது. அவரோ கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டுடியோ ஆக்கினார், நிலக்கரி அறையை இருட்டறை ஆக்கினார்.

வேலை லேசானதல்ல. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். கையெல்லாம் கறுத்துப்போகும். வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விட்டு, மற்றதைத் துணியால் மறைத்தார். ஒரு சால்வை, ஒரு கறுப்பு வெல்வெட், கொஞ்சம் லில்லிப் பூ, பல படங்களுக்கு இவ்வளவுதான் அவருடைய அலங்காரப் பொருள்கள். உட்கார்ந்திருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். அந்தக் கலங்கலை அவர் தள்ளவில்லை, விரும்பி வைத்துக்கொண்டார். புகைப்படச் சங்கத்து ஆண்கள், இந்த அம்மாவுக்குக் கேமராவைப் பிடிக்கவே தெரியாது என்று எழுதினார்கள். அவர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இதுவரை இது நாம் பெருமையோடு சொல்லக்கூடிய கதை.

ஆனால் படங்களின் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். விஞ்ஞானி ஹெர்ஷல், எழுத்தாளர் கார்லைல், கவிஞர் டென்னிசன் எல்லோரும் தங்கள் பெயரோடு, தாங்களாகவே இருக்கிறார்கள். பெண்களோ பெரும்பாலும் வேறு யாராகவோ இருக்கிறார்கள்: மரியாள், சாப்போ, கதைகளில் வரும் பெண்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு எத்தனையோ முறை மாதாவாக உட்கார்ந்தார். ஊரில் அவரை ‘மேரி மடோனா’ என்றே அழைத்தார்களாம். படம் முடிந்ததும் அந்த மாதா எழுந்து வீட்டுவேலைக்குத்தான் போயிருப்பார். ஒரு பெண் கலைஞராக முடிந்தது, இன்னொரு பெண் சம்பளத்துக்கு அசையாமல் உட்கார்ந்ததால்தான்.

1875இல் கமரூன் தம்பதி இலங்கைக்கு வந்தார்கள். இங்கே ஜூலியா எடுத்தவற்றில் மிஞ்சியவை மிகச் சில. 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’. அந்தப் பெண்ணுக்கு வயது 12, தகப்பன் தனக்கு வயது 100 என்று சொல்கிறார் என்ற குறிப்பு உண்டு. பெயர்கள் மட்டும் இல்லை. தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர்கள். அவருடைய இலங்கைப் படங்களில் நம்மவர் யாராவது இருந்தால், ஊரையும் பேரையும் கேட்டு அடையாளம் காண எந்த வழியும் இல்லை.

அதே களுத்துறையில், 1877இல், ஓவியர் மரியான் நோர்த்தும் ஜூலியாவின் கேமரா முன் நின்றார். கூந்தலை அவிழ்த்துவிட்டு, காஷ்மீரத் துணி போர்த்தி, தென்னோலை தலையில் குத்த, உச்சி வெயிலில் நிற்க வைத்துவிட்டு, ‘இயல்பாக இரு’ என்றாராம். இது நமக்குத் தெரிவது, நோர்த் அதைக் கேலியாகத் தன் நினைவுநூலில் எழுதி வைத்ததால். எழுதத் தெரிந்தவரால் படத்துக்குப் பதில் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியால் முடியவில்லை. அவளுக்கும் வெயில் சுட்டிருக்கும்.

கமரூன் 1879 ஜனவரியில் திக்கோயாப் பக்கத்தில் இறந்தார். அவருடைய படங்களை நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். அந்த இருட்டையும் ஒளியையும் அவரைப் போல் கையாண்டவர்கள் குறைவு. அதற்காக மற்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

பாட்டியின் படத்துக்குப் பின்பக்கம் பாஸ்போர்ட் கோப்பு எண் மட்டும்தான் எழுதியிருக்கிறது. சங்கிலி இரவல் என்பதும், ஸ்டுடியோக்காரர் “ஆடாதே” என்று அதட்டியதும், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டதும் அவளே சொன்னதால் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். அதில் இருப்பவர் உயிரோடு இருந்தால், அன்றைக்கு என்ன நடந்தது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.